ஹமர்ஃபெஸ்டில் இரண்டு அனலைதீவார்

ஐரோப்பா சென்று மீண்ட நம்மவர் எழுதும் பயணக் கட்டுரைகளில் ஈபிள் கோபுரமும் சுவிற்சர்லாந்து மலைகளும் தவறாமல் இடம்பெறும். நோர்வேயின் வடகோடிக்கு, அதுவும் மார்ச் மாதத்துப் பனியில், அதுவும் கையைக் கடிக்காத செலவில் சென்றுவரலாம் என்று எழுதுவோர் அரிது. 2025 மார்ச்சில் நான் அவ்வாறு சென்றுவந்தேன். நான்கு நாட்கள், இரண்டு பேர். இருவரும் அனலைதீவார். இருவருக்கும் வயது 67.

ஒஸ்லோவில் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றுக்காகவே நான் நோர்வே சென்றிருந்தேன். தங்கியது என் பால்ய நண்பரின் வீட்டில். அனலைதீவில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாங்கள். திருமண ஆரவாரம் அடங்கிய மறுநாள் காலை, தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில் அவர் மெல்லச் சொன்னார்: "மச்சான், வடக்கை ஒருக்காப் போட்டு வருவமே? நான் இருந்த இடத்தை நீ பாக்கவேணும்." அவர் 1987 முதல் 1993 வரை ஹமர்ஃபெஸ்ட் என்னும் ஊரில் வேலை செய்தவர் என்பது எனக்குத் தெரியும். என்ன வேலை என்பதை அதுவரை அவர் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

முதலில் பணக் கதையைச் சொல்லிவிடுகிறேன். நாற்பது ஆண்டுப் பத்திரிகை வாழ்வின் முடிவில் ஒருவனிடம் எஞ்சுவது சேமலாப நிதியில் ஒரு சிறு தொகையும் மஞ்சளித்துப்போன பத்திரிகைக் கட்டுகளுமே. நோர்வேயோ உலகின் விலையுயர்ந்த நாடுகளுள் ஒன்று. ஒரு குறோணர் அந்நாட்களில் ஏறத்தாழ 28 ரூபா. ஒரு கோப்பைக் கோப்பியின் விலையை 28ஆல் பெருக்கிப் பார்த்தால் கோப்பி தொண்டையில் இறங்காது. ஆகவே பெருக்குவதில்லை என்று முதல் நாளே தீர்மானித்துக்கொண்டோம். நண்பரின் மனைவி கோதுமை ரொட்டி, கட்டைச் சம்பல், அவித்த முட்டை, பருத்தித்துறை வடை என ஒரு பையை நிரப்பித் தந்தார். சுடுநீர்ப் போத்தல் ஒன்று, தேயிலைப் பொதி, சீனி. குடிநீருக்கு அந்நாட்டில் எவரும் காசு கொடுக்க வேண்டியதில்லை. குழாயைத் திருப்பினால் நயமான தண்ணீர். 67 வயது நிரம்பியோருக்குப் பேருந்தில் அரைக்கட்டணம். முதுமை எனக்கு ஈட்டித்தந்த முதல் இலாபம் அதுவே.

ஒஸ்லோவிலிருந்து துரொம்சோவுக்கு, கைப்பொதி மட்டும் கொண்டுசெல்ல அனுமதிக்கும் மலிவுச் சீட்டில் விமானப் பயணம். ஏறத்தாழ இரண்டு மணி நேரம். துரொம்சோ நகரம் உல்லாசப் பயணிகளால் நிரம்பி வழிந்தது. வடதுருவ ஒளியைக் காட்டுவதாகச் சொல்லி, ஆளுக்கு ஆயிரம் குறோணருக்கு மேல் வாங்கிக்கொண்டு சிற்றுந்துகளில் கூட்டிச்செல்கிறார்கள். புகழ்பெற்ற வெள்ளைத் தேவாலயத்தை வெளியே நின்று பார்த்தோம். வெளியே நிற்பதற்குக் கட்டணமில்லை. துரொம்சோவைப்பற்றி இதற்குமேல் எழுத எனக்கு ஒன்றுமில்லை.

மாலை ஆறரை மணியளவில் கரையோரக் கப்பல் புறப்பட்டது. 1893 முதல் நோர்வேயின் மேற்குக் கரையோரமாகத் துறைமுகந்தோறும் நின்று நின்று செல்லும் தபால் கப்பற் சேவையின் தொடர்ச்சி இது. தெற்கே பேர்கனில் தொடங்கி வடகிழக்கே ரஷ்ய எல்லையை அண்டிய கிர்க்கெனெஸ் வரை போகிறது. பணமுள்ளோர் அறை எடுத்து, சாளரத்தினூடே மலைகளைப் பார்த்தபடி ஒரு வாரம் பயணிப்பர். உள்ளூரார் ஒரு துறையில் ஏறி அடுத்த துறையில் இறங்குவர்; அவர்களுக்கு அறை வேண்டியதில்லை. நாங்களும் உள்ளூராரைப்போல அறையெடுக்காமல், மேல்தளத்து மண்டபத்தில் இரண்டு சாய்நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டோம். ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவுக்குப் படகில் இடம்பிடித்துப் பழகியவர்களுக்கு அது பெரிய காரியமன்று.

இரவு பத்து மணியளவில் ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். எல்லோரும் மேற்சட்டையை மாட்டிக்கொண்டு வெளித்தளத்துக்கு ஓடினர். வடதுருவ ஒளி! படங்களில் காண்பதுபோன்ற பச்சைத் தீ எதுவும் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. மலைக்கு மேலே வெளிறிய புகை போன்ற ஒன்று எழுந்தது, நெளிந்தது, கலைந்தது. ஒளிப்படக் கருவியின் கண்ணுக்கு அது பச்சை. மனிதக் கண்ணுக்குப் பாதி சாம்பல். ஆயினும் அதன் அசைவில் ஒரு கம்பீரம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயிரம் குறோணர் மிச்சம் என்ற நினைப்பு அக்கம்பீரத்தைச் சற்றே கூட்டியிருக்கலாம்.

உள்ளே திரும்பி, ரொட்டியும் சம்பலும் உண்டு முடித்தபின், நண்பர் தம் பணப்பையிலிருந்து ஒரு சிறு புகைப்படத்தை எடுத்து நீட்டினார். நிறம் மங்கிய படம். முழங்கால்வரை இறப்பர் சப்பாத்து, மார்பிலிருந்து கணுக்கால்வரை தொங்கும் எண்ணெய்த்துணி அங்கி, தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் குறுகிய கத்தி. பக்கத்தில் அதே கோலத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு நோர்வேப் பெண்மணி. இருவருக்கும் முன்னால் மீன்.

"இதுதான் மச்சான் என்ர கொம்பனி வேலை" என்றார். "முப்பத்தேழு வரியமா ஒருத்தருக்கும் காட்டேல்லை."

இதன் பாரம் விளங்க வேண்டுமானால் எங்கள் தீவைப்பற்றிச் சற்றுச் சொல்லவேண்டும். அனலைதீவு ஒரு சிறு தீவு. ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்குச் சூட்டியபோது இதற்கு இட்ட பெயர் ரொட்டர்டாம். சுற்றிவரக் கடல் இருந்தாலும் ஊரின் பெருமை புகையிலையில் இருந்தது. நண்பரின் தந்தையார் பேர்பெற்ற புகையிலைத் தோட்டக்காரர். எங்கள் இளமைக்காலத்தில் கமம் செய்வோர் குறிச்சி வேறு, கடற்றொழில் செய்வோர் குறிச்சி வேறு, கிணறும் வேறு. மீன் கொண்டுவருபவர் முற்றத்தோடு நிற்பார். அவருக்குத் தேநீர் கொடுப்பதற்கென்று தனிப் பாத்திரம் வேலியோரம் கவிழ்ந்து கிடக்கும். மீன் மட்டும் எவ்விதத் தடையுமின்றி அடுக்களைவரை செல்லும். இது ஏதோ பண்டைக் காலத்துச் செய்தி என்று எவரும் எண்ணவேண்டாம். 1960களில் நான் என் கண்ணால் கண்டது. மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது 1968இல்.

அத்தகைய வீட்டின் மூத்த மகன், 1983 கலவரத்துக்குப் பின் நாடு நாடாகத் தேடி, 1986இல் நோர்வேக்கு வந்தார். அக்காலத்தில் நம் இளைஞர் பலர் அந்நாட்டின் 'மக்கள் உயர் பள்ளி' எனப்படும் விடுதிப் பள்ளிகளில் மாணவராக இடம்பெற்று வந்தனர். படிப்பு ஓராண்டில் முடிந்துவிடும். அதன்பின் வயிறு இருக்கிறது, ஊரில் கடன் இருக்கிறது. வடக்கே பின்மார்க் மாகாணத்து மீன் தொழிற்சாலைகளில் ஆள் பற்றாக்குறை. நோர்வே இளைஞர் அவ்வேலையை விட்டுத் தெற்கே போய்க்கொண்டிருந்தனர். அவர்கள் விட்ட இடத்துக்கு பின்லாந்துப் பெண்களும் நம் பையன்களும் போனார்கள்.

ஒரு விசித்திரம். நோர்வே என்ற சொல் எங்கள் தீவுகளுக்கு வந்ததே மீன் வழியாகத்தான். குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956இல் நோர்வே சென்றவர். அங்கு குடியேறிய முதல் தமிழர் அவரே என்பர். அந்நாட்டு நண்பர்களின் உதவியைத் திரட்டி 1967இல் அவர் தொடக்கிய சீநோர் திட்டம் குருநகரிலும் காரைநகரிலும் வலையும் படகும் செய்தது. அனலைதீவுக்கு எதிரே கடலைத் தாண்டினால் காரைநகர். சீநோர் என்றால் எங்களூர்க் கடற்றொழிலாளருக்கு வள்ளம். கமக்காரருக்கு அது காதில் விழாத சொல்.

"அப்புவுக்கு என்னெண்டு எழுதினனி?" என்று கேட்டேன்.

"குளிரூட்டின கட்டடத்திலை, வெள்ளை உடுப்போடை, சுத்தமான வேலை எண்டு எழுதினன். ஒரு சொல்லும் பொய்யில்லை."

இருவரும் சிரித்தோம். பக்கத்து நாற்காலியில் உறங்கிய ஜேர்மன்காரர் புரண்டு படுத்தார்.

அதன்பின் விடியுமட்டும் அவர் பேசினார். மீன் வெட்டும் வேலையின் நுட்பத்தை அவர் சொல்லக் கேட்கவேண்டும். தோலுரித்த கொட் மீனின் சதைத் துண்டை, கீழிருந்து விளக்கெரியும் கண்ணாடி மேசைமீது விரிக்கவேண்டும். வெளிச்சத்தில் சதைக்குள் சுருண்டு கிடக்கும் புழு நிழலாகத் தெரியும். கத்திமுனையால் சதை சிதையாமல் அதைக் கிள்ளி எடுக்கவேண்டும். நடுமுள் வரிசையை ஒரே வெட்டில் நீக்கவேண்டும். வெட்டில் சதை கூடிப் போனால் நட்டக் கணக்கு. நேரம் கூடிப் போனாலும் நட்டக் கணக்கு. அளவுக்கு மேல் வெட்டினால் மேலதிகப் பணம். முதல் மாதம் முழுவதும் விரல்கள் மரத்து, சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் உண்டாராம். படத்தில் பக்கத்தில் நிற்கும் பெண்மணிதான் அவருக்குக் கத்தி தீட்டக் கற்றுக்கொடுத்தவர். "கத்தி கூர்மையா இருந்தாக் கை நோகாது" என்பது அவர் நோர்வேஜிய மொழியில் முழுதாக விளங்கிக்கொண்ட முதல் வாக்கியம்.

அதிகாலை ஐந்து மணி கழிந்து ஹமர்ஃபெஸ்டில் இறங்கினோம். வடக்கு 70 பாகை 39 கலை. எங்கள் ஊர் பத்துப் பாகைக்கும் கீழே. இவ்வளவு வடக்கே இருந்தும் துறைமுகம் உறைவதில்லை. அத்திலாந்திக்கின் வெப்ப நீரோட்டம் அதுவரை எட்டுகிறது. உறையாதது கடல் மட்டுமே. வெப்பமானி காட்டியது பூச்சியத்துக்குக் கீழே ஆறு பாகைதான், ஆனால் காற்று முகத்தில் அறைந்தது. எந்தக் கடையும் திறந்திருக்கவில்லை. கப்பற்றுறைக் கட்டடத்தின் ஓரமாக நின்று சுடுநீரில் தேயிலை ஊறவைத்துக் குடித்தோம். நவம்பர் பின்பகுதியிலிருந்து ஜனவரி பின்பகுதி வரை இங்கே சூரியன் எழுவதில்லை. அந்த இரண்டு மாதங்களும் வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. "இருட்டிலை ஊர் நினைவு வராது மச்சான். வெளிச்சம் வரேக்கைதான் வரும்" என்றார். ஏனென்று விளக்கவில்லை.

இவ்வூர் 1891இலேயே தெருக்களுக்கு மின்விளக்குப் போட்டது. வட ஐரோப்பாவில் அதற்கு முந்திக்கொண்ட நகரங்கள் மிகச் சிலவே. இதை வாசித்தபோது எனக்குள்ளிருந்த பத்திரிகைக்காரன் விழித்துக்கொண்டான். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் சூரிய ஒளியும் காற்றும் கொண்டு மின்சாரம் வழங்கும் திட்டம் 2021இல் ஒரு சீன நிறுவனத்திடம் போனது. இந்தியா ஆட்சேபித்தது. சீனா விலகியது. 2024 மார்ச்சில் 1 கோடியே 10 இலட்சம் டொலர் இந்திய நன்கொடையில் புதிய ஒப்பந்தம் கைச்சாத்தானது. இரு வல்லரசுகள் மல்லுக்கட்டும் அளவுக்கு எங்கள் தீவு பெரியதென்று அதுவரை எங்களுக்கே தெரியாது.

நண்பர் வேலை செய்த தொழிற்சாலை இப்போது இல்லை. அது நின்ற திசையைக் காட்டினார், சற்று நேரம் நின்றார், பின் நடந்தார். அவரோடு வேலை செய்த தமிழர்களும் 1990களில் ஒவ்வொருவராக ஒஸ்லோவுக்கு இறங்கிவிட்டனர். பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு, கோயில், கறிச்சரக்குக் கடை எல்லாம் அங்கேதான். இந்த ஊரின் மீன் தொழிலில் இறங்கிய யாழ்ப்பாணக் குடும்பம் ஒன்றின் மகளே கம்சாயினி குணரத்தினம். மூன்று வயதில் நோர்வே வந்தவர், 2015இல் ஒஸ்லோவின் துணை நகரபிதா, 2021இல் நாடாளுமன்ற உறுப்பினர். நம் பத்திரிகைகள் அவர் வெற்றியைக் கொண்டாடி எழுதின. மீனைப்பற்றி எழுதியவை குறைவு.

அன்று பகலில் நகருக்கு வெளியே கடலோரமாக நடந்தபோது மீன் காயவிடும் பந்தல்களைக் கண்டோம். தலை நீக்கிய கொட் மீன்களை இரண்டிரண்டாக வாலோடு வால் பிணைத்து, மரக்கழிகளின் குறுக்கே தொங்கவிட்டிருந்தனர். உப்பில்லை, வெயிலில்லை, குளிர்காற்றே காயவைக்கிறது. பூச்சியத்தை ஒட்டிய வெப்பநிலை வேண்டும்: கூடினால் அழுகும், மிகக் குறைந்தால் உறைந்து சதை பிளக்கும். மாசியிலோ பங்குனியிலோ தொங்கவிட்டால் வைகாசி, ஆனியில் இறக்குவர். நீரெல்லாம் வற்றி எடை ஐந்திலொன்றாகிவிடும், ஆண்டுக்கணக்கில் கெடாது. சதை இத்தாலிக்கும் தலை நைஜீரியாவுக்கும் போகிறது. இதன் தலைநகரம் தெற்கேயுள்ள லொபோத்தன் தீவுகள். நண்பர் பந்தலின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தார். "அப்புவின்ர புகையிலைக் கொட்டில்" என்றார். நானும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். காம்பைக் கட்டிக் கழியில் தொங்கும் இலைகளின் அதே வரிசை, அதே நிறம்கூட.

மறுநாள் மீள்கட்டுமான அருங்காட்சியகத்துக்குப் போனோம். விலை பாராமல் நாங்கள் நுழைவுச்சீட்டு வாங்கிய ஒரே இடம் அது. நண்பர் அங்கே வாழ்ந்த காலத்தில் அது திறக்கப்பட்டிருக்கவில்லை. 1944 இலையுதிர்காலத்தில் கிழக்கிலிருந்து செஞ்சேனை நெருங்க, ஜேர்மன் படைகள் பின்வாங்கின. எதிரிக்குக் கூரையொன்றும் கிடைக்கக்கூடாதென்று பின்மார்க் முழுவதையும் எரிக்க ஒக்ரோபர் 28இல் ஹிட்லர் உத்தரவிட்டார். ஏறத்தாழ 50,000 பேர் படகுகளில் ஏற்றித் தெற்கே துரத்தப்பட்டனர். இன்னும் ஏறத்தாழ 25,000 பேர் போக மறுத்து, குகைகளிலும் மண்குடில்களிலும் அந்தக் குளிர்காலத்தைக் கழித்தனர். ஹமர்ஃபெஸ்டில் எஞ்சி நின்ற கட்டடம் இடுகாட்டுச் சிற்றாலயம் ஒன்றுதான். போர் முடிந்த கோடையில், 'இப்போது திரும்பாதீர்கள்' என்று அரசாங்கம் சொல்லச் சொல்லவே மக்கள் திரும்பினர்.

எரிந்த நகரின் பெரிய புகைப்படமொன்றின் முன் நண்பர் அமர்ந்துவிட்டார். 1990 ஓகஸ்டில் எங்கள் தீவுப்பகுதியில் இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது அவர் இந்த ஊரில் இருந்தார். தபால் இல்லை, தொலைபேசி இல்லை. இரவில் சிற்றலை வானொலியில் பிபிசி தமிழோசை கேட்டதே ஒரே வழி. தீவுகளிலிருந்து மக்கள் வெளியேறுகிறார்கள் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. மறுநாள் தொழிற்சாலை உணவறையில் தட்டைப் பார்த்தபடி இருந்தவரிடம், கத்தி தீட்டக் கற்பித்த அந்தப் பெண்மணி என்ன நடந்ததென்று கேட்டார். அரைகுறை மொழியில் இவர் சொன்னார். அப்பெண்மணி, தாம் ஏழு வயதில் இதே துறைமுகத்தில் படகேற்றப்பட்டதையும், திரும்பி வந்தபோது தம் வீட்டில் புகைபோக்கி மட்டும் நின்றதையும் சொன்னார். பிறகு தம் பாணில் பாதியைப் பிய்த்து இவர் தட்டில் வைத்துவிட்டு வேலைக்கு எழுந்து போனார். தந்தையார் ஒரு வள்ளத்தில் தப்பி யாழ்ப்பாணம் சேர்ந்த செய்தி இரண்டு மாதம் கழித்தே கிடைத்தது. தந்தையார் பின்னர் ஊர் திரும்பவில்லை, 1994இல் காலமானார். மகன் மீன் வெட்டியதை அறியாமலே.

"எழுதப்போறியே?" என்றார் நண்பர், வெளியே வந்ததும்.

"விடுவியே?"

"எழுது. பேரைப் போடாதை."

நான்காம் நாள் பேருந்தில் ஆல்ட்டா நோக்கித் திரும்பினோம். வழியில் மேட்டுநிலமொன்றில் பனிப்புயல். வாகனங்கள் வரிசையாக நின்று, பனி வாரும் வண்டி முன்னே செல்ல அதன் பின்னால் ஊர்வலமாகப் போகவேண்டும். அது வரும்வரை காத்திருப்பு. மீதியிருந்த வடையைச் சாரதிக்கு நீட்டினோம். காரத்தில் அவர் கண் கலங்கியது. மறுக்காமல் இரண்டாவதையும் எடுத்தார். விமானத்தை மயிரிழையில் பிடித்தோம். கணக்குப் பார்த்தபோது ஆளுக்கு 4,000 குறோணருக்குச் சற்றுக் குறைவு. தீர்மானத்தை மீறி 28ஆல் பெருக்கினேன். ஒரு இலட்சத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாவுக்குள் அடங்கிற்று.

ஹமர்ஃபெஸ்டில் வாங்கிய ஒரு சோடி காய்ந்த மீனை ஊருக்குக் கொண்டுவந்தேன். ஏப்ரலில் ஊர்காவற்றுறை இறங்குதுறையில் அனலைதீவுப் படகுக்குக் காத்திருந்தபோது, பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த வாலைக் கண்டு ஒரு நடுத்தர வயதுக் கடற்றொழிலாளர் கிட்ட வந்தார். வாங்கித் தட்டிப் பார்த்தார், விறகுபோல ஒலித்தது. முகர்ந்தார். "உப்பே இல்லையே ஐயா! என்னெண்டு பழுதாகாமல் இருக்குது?" குளிர்காற்றைப்பற்றிச் சொன்னேன். நம்பியும் நம்பாமலும் கேட்டார். அனலைதீவுத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருவர் ஆறு வருடம் இந்த மீனை வெட்டினார் என்றும் சொன்னேன். பெயரைச் சொல்லவில்லை. நோர்வேக்குப் போனவர்களை விரல்விட்டு எண்ணக்கூடிய ஊரில் பெயர் எதற்கு?

"அவரே!" என்றார். சற்றுப் பொறுத்து, "அவற்ரை தகப்பன் தொண்ணூறிலை எங்கடை அப்புவின்ர வள்ளத்திலைதான் போனவர்" என்றார்.

படகு வந்தது. நான் சோடியின் கயிற்றை அவிழ்த்து ஒன்றை அவரிடம் கொடுத்தேன். நான்கைந்து நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைக்கவேண்டும் என்று சொன்னேன். அடுத்த கிழமை அதே துறையில் கண்டபோது, புளிவிட்டுக் குழம்பு வைத்ததாகச் சொன்னார்.

"பிழையில்லை ஐயா. ஆனால் எங்கடை திருக்கைக் கருவாட்டுக்குக் கிட்டவும் நிக்காது."